ஒக்சானா சுசோவிட்டினா எட்டு ஒலிம்பிக் வரை நீடித்தது எப்படி?

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே பதினாறு, பதினேழு வயதுப் பெண்களின் விளையாட்டு என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், அப்படியிருக்க உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் எப்படிப் போட்டியிட முடிந்தது, மகனின் மருத்துவச் செலவுக்காகத்தான் அவர் அத்தனை ஆண்டுகள் விளையாடினார் என்று பகிரப்படும் செய்தி உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தி உண்மைதான், ஆனால் அது அவருடைய வாழ்க்கையில் ஐந்தாறு ஆண்டுகளை மட்டுமே விளக்கும். மகனுக்கு நோய் வருவதற்கு முன்பே அவர் மூன்று ஒலிம்பிக்குகளை முடித்திருந்தார். நோய் தீர்ந்த பிறகும் மூன்று ஒலிம்பிக்குகளில் விளையாடினார். எனவே தாய்ப்பாசக் கதையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் எந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டார், விதிகள் எப்போது எப்படி மாறின, மாறிய விதிகளை அவர் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் இது சிறுமிகளின் விளையாட்டு என்ற எண்ணத்தையே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி தமது முதல் ஒலிம்பிக்கான 1952 ஹெல்சிங்கிக்குச் சென்றபோது அவருக்கு வயது 31; 1956 மெல்போர்னில் நான்கு தங்கம் வென்றபோது 35. சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினா 1964 டோக்கியோவில் 29 வயதில் தங்கம் வென்றார். செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா 1968 மெக்சிகோவில் கோலோச்சியபோது அவருக்கு 26 வயது. 1972-இல் ஒல்கா கோர்புட்டும் 1976-இல் 14 வயது நாடியா கோமனேச்சியும் வந்த பிறகுதான், குட்டிக்கரணங்களின் எண்ணிக்கையும் சுழற்சியின் வேகமும் முன்னுக்கு வந்து, எடை குறைந்த சிறிய உடல்கள் அரங்கை நிரப்பின. நிலைமை கைமீறிப் போகாமலிருக்கக் குறைந்தபட்ச வயதை 1981-இல் 15 ஆகவும் 1997-இல் 16 ஆகவும் உயர்த்த வேண்டியிருந்தது. ஆகவே பதின்வயது என்பது இந்த விளையாட்டின் இயற்கை விதி அல்ல, ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலப் போக்கு மட்டுமே. சுசோவிட்டினா அந்தப் போக்கு உச்சத்தில் இருந்தபோது உள்ளே வந்து, அது தளர்ந்த பிறகும் வெளியேறாமல் இருந்தவர்.

அவர் 1975 ஜூன் 19 அன்று அப்போதைய சோவியத் உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் பிறந்தார். 1982-இல் பயிற்சியைத் தொடங்கி, 1988-இல் சோவியத் இளையோர் சாம்பியன் ஆனார். சோவியத் அமைப்பில் இளையோர் சாம்பியன் பட்டம் என்பது சிறிய செய்தி அல்ல. பதினைந்து குடியரசுகளிலிருந்தும் சலித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குள் முதலிடம் பெறுவது பல நாடுகளின் தேசிய அணியில் இடம்பெறுவதைவிடக் கடினமாக இருந்த காலம் அது. 1991 செப்டம்பரில் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அணிக்கான தங்கம், ஃப்ளோர் (தரைப் பயிற்சி) பிரிவில் தங்கம், வால்ட்டில் (ஓடிவந்து கருவியைத் தாண்டும் பிரிவு) வெள்ளி என மூன்று பதக்கங்களுடன் அவர் திரும்பினார். உடலை மடக்காமல் கம்பு போல் நீட்டியபடி பின்புறமாக இரண்டு கரணம் அடித்து, அதற்குள்ளேயே உடலை ஒரு முழுச் சுற்றுத் திருப்பும் ஃப்ளோர் அசைவு இன்றும் விதிநூலில் அவர் பெயரால்தான் வழங்கப்படுகிறது. வால்ட்டிலும், இரு கம்பிகளில் ஊசலாடும் பார்ஸிலும்கூட அவர் பெயர் தாங்கிய அசைவுகள் உண்டு. மடக்கிய உடலைவிட நீட்டிய உடலைக் காற்றில் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது, நீச்சல் குளத்தின் விளிம்பிலிருந்து ஒருமுறை கரணம் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் பதக்கம் வென்ற அந்த அணி அடுத்த மூன்று மாதங்களில் நாடற்றுப் போனது. 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் வீராங்கனைகள் ஒருங்கிணைந்த அணி என்ற பெயரில், ஒலிம்பிக் கொடியின் கீழ்ப் போட்டியிட்டு அணித் தங்கத்தை வென்றார்கள். ஸ்வெத்லானா பொகின்ஸ்காயா, தத்தியானா குட்சு ஆகியோருடன் பதினேழு வயது சுசோவிட்டினாவும் அந்த மேடையில் நின்றார். அதன் பிறகு ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுக்குத் திரும்ப, அவருக்கு வாய்த்தது தாஷ்கண்ட். பழைய மையப் பயிற்சி முகாமின் வசதிகள் எதுவும் அங்கே இல்லை. தேய்ந்த கருவிகள், தொடர்ந்து பயிற்சி பெறும் சக வீராங்கனைகள் மிகச் சிலர், உலக மேடையில் பதக்கத்துக்குப் போராடக்கூடிய அணி என்ற ஒன்றே கிடையாது.

அணி இல்லை என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிம்னாஸ்டிக்ஸில் ஒலிம்பிக் இடங்களில் பெரும்பகுதி அணிகளுக்கே போகும். தனியாக வருபவர் எஞ்சிய சொற்ப இடங்களுக்காகப் பிறரோடு மோத வேண்டும். ஆனால் இதிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவிலோ ரஷ்யாவிலோ பிறந்திருந்தால், இருபது வயதைத் தாண்டியவுடன் அணித் தேர்வில் அடுத்த தலைமுறை அவரை வெளியே தள்ளியிருக்கும். உஸ்பெகிஸ்தானில் அவரைத் தள்ளிவிட ஆளில்லை. அவருடைய நீண்ட வாழ்க்கைக்கு இந்த வறுமையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1992-இல் பாரிஸிலும் 1993-இல் பர்மிங்ஹாமிலும் நடந்த உலக சாம்பியன்ஷிப்புகளில் அணிப் போட்டி கிடையாது. தனிக் கருவிகளில் தேர்ந்தவருக்கு அவை தோதாக அமைந்தன. இரண்டிலும் வால்ட்டில் வெண்கலம் பெற்றார். 1996 அட்லாண்டாவில் அனைத்துக் கருவிகளுக்குமான தனிநபர் போட்டியில் பத்தாவது இடம். 1997-இல் மல்யுத்த வீரர் பகோதிர் குர்பானோவை மணந்து, 1999 நவம்பரில் மகன் அலிஷர் பிறந்து, ஓராண்டுகூட ஆவதற்குள் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் களம் இறங்கினார். குழந்தை பெற்றவர் திரும்பி வருவது இந்த விளையாட்டில் அன்று ஏறக்குறைய கேள்விப்படாத ஒன்று.

இனி வால்ட்டுக்கு வருவோம், ஏனென்றால் விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பெண்களுக்கு நான்கு கருவிகள்: வால்ட், இரட்டைப் பார்ஸ், பீம், ஃப்ளோர். ஃப்ளோர் ஆட்டம் ஒன்றரை நிமிடம் நீளும். மூச்சு வாங்கும், நடனமும் வேண்டும். பார்ஸ் தோள்பட்டையையும் உள்ளங்கைத் தோலையும் தின்னும். பத்துச் சென்டிமீட்டர் அகலமே உள்ள பீம், நாள்தோறும் மணிக்கணக்கில் பழகினால் மட்டுமே கால்களுக்கு அடங்கும். வால்ட் மட்டும் முழுவதும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அதிகபட்சம் 25 மீட்டர் ஓடிவந்து, ஸ்பிரிங் போர்டை இரு கால்களாலும் மிதித்து, 125 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையின் மேல் கைகளை ஊன்றி எம்பி, காற்றில் கரணமும் திருகலும் முடித்து, பாயில் அசையாமல் நிற்க வேண்டும். ஓட்டத்தின் வேகம், மிதிக்கும் கோணம், கை மேசையில் பட்ட கணத்தில் தோளிலிருந்து எழும் உந்துதல் ஆகிய மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் மீதி தானாக நடக்கும். இந்த மூன்றும் ஒருமுறை உடலில் ஊறிவிட்டால் எளிதில் மறப்பதில்லை. நெகிழ்வும் தாக்குப்பிடிக்கும் திறனும் வயதோடு குறையும். ஆனால் வெடித்தெழும் கால்வலிமையைக் கவனமாகப் பேணினால் நாற்பதைத் தாண்டியும் ஓரளவு காப்பாற்றலாம். வால்ட் பழக்கியவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: நாளொன்றுக்கு எத்தனை முறை பாயில் இறங்குகிறாய் என்பதுதான் முழங்காலின் ஆயுளைத் தீர்மானிக்கும். எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தைக் காக்கும் சுதந்திரம் பதின்வயதுச் சிறுமிக்கு இருக்காது, பயிற்சியாளர் விடமாட்டார். தன் உடலைத் தானே படித்துவிட்ட முப்பது வயதுப் பெண்ணுக்கு இருக்கும்.

இங்கே அவருக்கு ஒரு கருவி மாற்றமும் கைகொடுத்தது. 2001 வரை வால்ட்டுக்கு நீண்டு ஒடுங்கிய பழைய குதிரையைத்தான் பெண்கள் குறுக்குவாட்டில் தாண்டினார்கள். கை தவறினால் பிடிமானமே இருக்காது. அந்த ஆண்டு அகலமான, முன்புறம் சரிந்த மேசை அறிமுகமானது. சுசோவிட்டினாவின் பட்டியலைப் பாருங்கள்: 1993-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பதக்கமும் இல்லை, மேசை வந்த 2001-இல் கென்ட் நகரில் வெள்ளி, 2002-இல் டெப்ரெட்சனில் வெண்கலம், 2003-இல் அனாஹைமில் தங்கம். முன்கரண வகைத் தாவல்களில் கைகள் மேசையில் முழுமையாகப் படிவது எவ்வளவு உதவும் என்பதை நினைத்துப் பார்த்தால், இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அனாஹைமில் அவருக்கு 28 வயது. முதல் உலகத் தங்கத்துக்கும் இதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்த வெற்றிகளுக்கு நடுவேதான் நீங்கள் கேட்ட மருத்துவ விஷயம் வருகிறது. 2002-இல் சிறுவன் அலிஷருக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. தாய்நாட்டில் தகுந்த சிகிச்சை கிடைக்காத நிலையில், ஜெர்மனியின் கொலோன் நகரில் பயிற்சியாளர்களாக இருந்த பீட்டர், ஷன்னா புரூக்மன் தம்பதியின் அழைப்பை ஏற்றுக் குடும்பம் அங்கே சென்றது. பரிசுத் தொகைகளும், ஜிம்னாஸ்டிக்ஸ் உலகம் திரட்டித் தந்த உதவியும் மருத்துவமனைக் கட்டணமாக மாறின. இந்த விளையாட்டில் பரிசுப் பணம் டென்னிஸ் போலக் கொட்டுவதில்லை என்பதால், ஒரே ஒரு பெரிய வெற்றியைக் கொண்டு கடனை அடைத்துவிட முடியாது. போட்டி போட்டியாகச் சுற்ற வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வசித்துக்கொண்டே உஸ்பெகிஸ்தானுக்காக விளையாடி, 2005 மெல்போர்ன் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி பெற்றார். 2006-இல் ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததும் அந்நாட்டு அணியில் சேர்ந்து, அதே ஆண்டு ஆர்ஹுஸ் நகரில் வெண்கலம் வென்றார். இதை நன்றிக்கடன் என்பதா, வாழ்வாதாரம் என்பதா என்று பிரித்துப் பார்ப்பது தேவையற்றது, இரண்டும்தான்.

2006-இல் இன்னொரு பெரிய மாற்றமும் நிகழ்ந்தது. பத்துக்குப் பத்து என்ற பழைய மதிப்பெண் முறை கைவிடப்பட்டு, கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்நேர்த்திக்கு ஒரு மதிப்பெண் எனப் பிரித்து இரண்டையும் கூட்டும் முறை வந்தது. கடினத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வால்ட் இறுதிச் சுற்றில் இரு வேறு வகைத் தாவல்களைச் செய்ய வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. முன்கரண வகையில் ஒன்றும், கை ஊன்றும்போதே பக்கவாட்டில் திரும்பிப் பின்கரணம் அடிக்கும் சுகஹரா வகையில் ஒன்றும் என அவரிடம் கனமான இரு தாவல்கள் தயாராக இருந்தன. புதிய முறை தேடியது இதைத்தான்.

2008 பெய்ஜிங்கில் நடந்த இறுதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சொந்த மண்ணில் சீனாவின் செங் ஃபெய்தான் தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் இரண்டாம் தாவலில் அவர் காலூன்ற முடியாமல் முழங்காலில் இறங்கினார். வட கொரியாவின் ஹாங் உன்-ஜாங் 15.650 பெற்றுத் தங்கம் வென்றார். சுசோவிட்டினா 15.575, செங் ஃபெய் 15.562. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே 0.013, இறங்கும்போது பாதம் ஒரு சிற்றடி நகர்ந்தாலே நடுவர் 0.1 கழிப்பார் என்பதை வைத்து இந்த இடைவெளியை எடைபோட்டுக்கொள்ளுங்கள். 33 வயதில், ஐந்தாவது ஒலிம்பிக்கில், அவருக்குக் கிடைத்த முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே ஆண்டு கிளெர்மான்-ஃபெராண்டில் ஐரோப்பிய வால்ட் பட்டத்தையும் வென்றிருந்தார். மகன் நோயிலிருந்து மீண்டுவிட்டான் என்ற செய்தியும் அந்தக் காலத்திலேயே வந்தது.

தாய்ப்பாசக் கதை மட்டுமே காரணம் என்றால் அவர் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. 2011-இல் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் மீண்டும் வெள்ளி. அதோடு வால்ட்டில் மட்டும் அவருடைய உலகப் பதக்கங்கள் ஒன்பது ஆயின, மொத்தம் பதினொன்று. 2012 லண்டனில் ஐந்தாம் இடம் பெற்று, இனி போதும் என்று அறிவித்தார். பிறகு மனம் மாறி, 2013-இல் ஜெர்மன் அணியை விட்டு மறுபடியும் உஸ்பெகிஸ்தான் அணிக்குத் திரும்பினார்.

2016 ரியோவின் வால்ட் இறுதி இந்திய வாசகர்களுக்கு நினைவிருக்கும். திரிபுராவின் தீபா கர்மாகர் நான்காம் இடம் பெற்றது அதில்தான். அந்த இறுதியில் நின்ற மற்ற ஏழு பேரில், சுசோவிட்டினா பார்சிலோனாவில் தங்கம் வென்றபோது பிறந்திருந்தவர் ஹாங் உன்-ஜாங் மட்டுமே. சிமோன் பைல்ஸ் பிறந்ததே அட்லாண்டாவுக்குப் பிறகுதான். அன்று தீபாவும் சுசோவிட்டினாவும் ஒரே தாவலைத் தேர்ந்தெடுத்தார்கள்: புரொடுனோவா. கை ஊன்றி எம்பிய பின், பாதம் தரையைத் தொடுவதற்குள் முன்புறமாக இரண்டு முழுக் கரணம். முன்புறமாகச் சுழல்வதால் இறங்கும் பாய் கடைசிக் கணம்வரை கண்ணுக்குத் தெரியாது. சுழற்சி குறைந்தால் கழுத்துக்கு ஆபத்து, கூடினால் உருண்டு விழ வேண்டியதுதான். கடின மதிப்பெண் அப்போது 7.0, வால்ட்டிலேயே மிக உயர்ந்த மதிப்பு. தீபா மிகத் தாழ்வாகக் குந்தி இறங்கினாலும் தாங்கிக்கொண்டு, மொத்தத்தில் 15.066 பெற்றார். 41 வயது சுசோவிட்டினா சுழற்சி மிகுந்து முன்பக்கம் உருண்டார், 14.833, ஏழாம் இடம். பழகிய தாவலையே செய்து கௌரவமான ஓர் இடத்தோடு திரும்பியிருக்கலாம். பதக்கத்துக்கு அது போதாது என்று கணக்குப் போட்டுத்தான் அவர் இந்த அபாயத்தை எடுத்தார் என்று நான் படிக்கிறேன். நினைவுப் பரிசு வாங்க வந்தவர் புரொடுனோவா செய்யமாட்டார்.

வால்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சமாளித்தார் என்று யாராவது சொன்னால் அதையும் திருத்த வேண்டும். டோக்கியோவுக்கான இடத்தை அவர் பெற்றது 2019-இல் ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப்பில், நான்கு கருவிகளின் கூட்டு மதிப்பெண்ணைக் கொண்டு. அதாவது 44 வயதில் பார்ஸில் ஊசலாடவும், பீமில் கரணம் அடிக்கவும், ஃப்ளோரில் ஒன்றரை நிமிடம் ஓடவும் அவரால் முடிந்திருக்க வேண்டும். பதக்கம் தராத அந்த மூன்று கருவிகள்தான் வால்ட்டுக்கான நுழைவுச் சீட்டு. இதை எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இதுவே பெரிதாகத் தெரிகிறது. பிறகு பெருந்தொற்றால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. இருபது வயதுக்காரருக்கு அது கூடுதல் பயிற்சிக் காலம்; அவருக்குக் கூடுதல் வயது.

2021 ஜூலை 25 அன்று, பார்வையாளர்கள் இல்லாத டோக்கியோ அரங்கில் இரண்டு தாவல்களையும் விழாமல் முடித்தார். சராசரி 14.166, இறுதிக்கான எட்டு இடங்களுக்கு அது போதவில்லை. மதிப்பெண் பலகையைப் பார்த்துவிட்டு அவர் கையசைத்தபோது, போட்டியிட வந்திருந்த பிற நாட்டு வீராங்கனைகளும் பயிற்சியாளர்களும் தன்னார்வலர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எட்டு ஒலிம்பிக்குகளில் போட்டியிட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ஆண்களிலும் பெண்களிலும் வேறு எவரும் இல்லை. ஆண்களில் புகழ்பெற்ற பல்கேரியாவின் யோர்டான் யோவ்செவ் ஆறோடு நின்றுவிட்டார். 2017-இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் புகழ் மன்றத்தில் சுசோவிட்டினாவைச் சேர்த்தபோதும் அவர் போட்டியாளராகத்தான் இருந்தார். பொதுவாக ஓய்வு பெற்றவர்களுக்கு வழங்கப்படும் அந்த மரியாதை அவர் விஷயத்தில் சற்று வேடிக்கையாகவே அமைந்தது.

டோக்கியோதான் கடைசி என்று கண்ணீரோடு விடைபெற்றவர், சில மாதங்களிலேயே ஆசிய விளையாட்டுப் போட்டியைக் காரணம் காட்டித் திரும்பி வந்து, 2023-இல் ஹாங்சோவில் 48 வயதில் வால்ட் செய்தார். அடுத்த குறி 2024 பாரிஸ், ஒன்பதாவது ஒலிம்பிக். அதற்கு அவருக்கு எஞ்சியிருந்த வழி, அந்த ஆண்டு மே மாதம் சொந்த நாட்டுத் தலைநகரான தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப். அங்கே காயம் காரணமாக விலகிக்கொள்ள நேர்ந்ததால் பாரிஸ் கைநழுவியது. அவர் இல்லாத அந்த வால்ட் இறுதியில் 13.566 பெற்று வென்றவர் தீபா கர்மாகர். ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. அவ்வாண்டு அக்டோபரில் 31 வயது தீபா ஓய்வை அறிவித்தார். அவரைவிடப் பதினெட்டு வயது மூத்த சுசோவிட்டினா அறிவிக்கவில்லை.